பேனாக்கத்தி: பெயர் அதே, இரும்பும் அதேதானா?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மளிகை மொத்தக் கடை வைத்திருக்கிறோம். சாக்குத் தையல் பிரிக்க, சணல் அறுக்க அப்பா 1970களில் வாங்கிய வெளிநாட்டு மடக்குக் கத்தி ஒன்று இன்னும் கல்லாப்பெட்டியில் கிடக்கிறது. அலகு தேய்ந்து பாதியாகிவிட்டதால், அதே பெயர், அதே மாடல் பார்த்துப் போன வருடம் ஆன்லைனில் ஒன்று வாங்கினேன். பத்து அட்டைப்பெட்டி கிழித்தாலே மழுங்குகிறது. அலகு இடமும் வலமும் ஆடுகிறது. சாணைக்காரரிடம் இரண்டு முறை கொடுத்தும் பயனில்லை. கம்பெனியின் தரமே போய்விட்டதா, எனக்கு வாய்த்ததுதான் இப்படியா?
– வாசகர், கீழமாசி வீதி, மதுரை

பதில்: கடிதத்தில் கம்பெனியின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். ஒரே ஒரு கத்தியை வைத்து ஒரு பெயரைக் குற்றம் சொல்வது முறையல்ல என்பதால் அச்சிடவில்லை. ஆனால் கேள்வி நியாயமானது. "முன்ன மாதிரி இல்லை" என்று நாம் சொல்வதற்குள் மூன்று தனித்தனி சங்கதிகள் இருக்கின்றன. பிரித்துப் பார்த்தால்தான் உங்கள் கையில் இருப்பது எது என்று புரியும்.

முதலாவது, பட்டறை மூடி பெயர் மட்டும் கைமாறுவது. அமெரிக்கக் கத்திக் கம்பெனியான ஷ்ரேட் 1904ல் தொடங்கிய பெயர். நியூயார்க் மாநிலத்தில் எல்லன்வில் என்ற ஊரில் இருந்த அதன் ஆலை 2004ல் மூடப்பட்டது. பெயரை வேறொரு நிறுவனம் வாங்கி, சீனாவில் செய்வித்து விற்கத் தொடங்கியது. அதன் 'ஓல்டு டைமர்' கத்திகள் முன்பு 1095 என்ற கரி எஃகில் வந்தன. அதில் கரி ஏறக்குறைய 0.95 சதவீதம். துருப்பிடிக்கும், ஆனால் கல்லில் வைத்தால் நறுக்கென்று கூர் ஏறும். இப்போது வருபவை பெரும்பாலும் எவர்சில்வர் வகை. படம், பிடி, பெயர் எல்லாம் அப்படியே இருக்க, அலகு மட்டும் முற்றிலும் வேறு பொருள். இன்னொரு அமெரிக்கக் கத்திக் கம்பெனியான கமிலஸின் ஆலையும் 2007ல் மூடியது, அந்தப் பெயரும் விலைக்குப் போனது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த ஜோசப் ராஜர்ஸ் கத்திகளுக்கு 1764லேயே நட்சத்திரமும் மால்ட்டா சிலுவையும் முத்திரையாக இருந்தன. அந்தப் பழைய கம்பெனியும் இன்று இல்லை, பெயர்தான் பல கை மாறி நிற்கிறது. சீனாவில் செய்தது என்பதாலேயே மட்டம் என்று சொல்லிவிட முடியாது. அங்கே மிக நல்ல கத்தி செய்கிற ஆலைகளும் உண்டு. பெயரை வாங்கியவர் எந்த விலைக்குச் செய்யச் சொல்கிறார் என்பதுதான் விஷயம்.

இரண்டாவது, அதே கம்பெனி எஃகை மாற்றுவது. பக் கம்பெனியின் 110 என்ற பூட்டுக் கத்தி 1960களில் வந்தது. முதலில் 440சி எஃகு, அதில் கரி சுமார் 1 சதவீதம். 1980களின் தொடக்கத்தில் 425எம் என்ற எஃகுக்கும், பிறகு 1990களில் 420எச்சிக்கும் மாறினார்கள். 420எச்சியில் கரி சுமார் 0.45 சதவீதம். எண்ணிக்கையைப் பார்த்தால் பாதிக்குப் பாதி இறக்கம். அட்டை, சாக்கு போன்றவற்றை அறுக்கும்போது பழையது கூடுதல் நேரம் கூர் நிற்கும் என்பதும் உண்மை. ஆனால் 440சி மழுங்கிவிட்டால் வீட்டுக் கல்லில் மீட்பது பெரும்பாடு. 420எச்சிக்கு பக் கொடுக்கும் பதம் (சூடாக்கிக் குளிர்வித்து எஃகுக்கு ஏற்றும் கடினம்) நல்ல பதம், சாதாரணக் கல்லிலேயே சுலபமாகக் கூர் ஏறுகிறது. பதம் தவறிய 440சியைவிடப் பதம் சரியான 420எச்சி மேல் என்பதுதான் எங்கள் கருத்து. எஃகின் பெயரைப் பார்த்து மட்டும் கத்தி வாங்காதீர்கள்.

மூன்றாவது, யாரும் கவனிக்காதது: அலகின் கனம். வாயிலிருந்து (கூர் ஓரத்திலிருந்து) 1 மி.மீ. மேலே வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். பழைய பேனாக்கத்திகளில் அந்த இடம் 0.4, 0.5 மி.மீ. இருக்கும். 0.8 மி.மீ.க்கு மேல் இருந்தால் எவ்வளவு உயர்ந்த எஃகானாலும் அட்டையை அறுக்காது, ஆப்பு வைத்ததுபோலப் பிளக்கும். அறுபடாததால் நாம் கூடுதலாக அழுத்துவோம், அழுத்த அழுத்த வாய் மடியும். 'கூர் நிற்கவில்லை' என்று தோன்றுவதில் ஒரு பங்கு இந்தக் கனத்தால் வருவது. ஒன்றையும் சொல்ல வேண்டும்: அட்டைப்பெட்டி பார்க்க மென்மையாக இருந்தாலும் அதில் கலந்திருக்கும் களிமண்ணும் நுண்மணலும் உப்புத்தாள் மாதிரி வாயைத் தேய்க்கும். சாக்குச் சணலோடு அதை ஒப்பிடக் கூடாது. அப்பா காலத்தில் கடைக்கு இத்தனை அட்டைப்பெட்டி வந்திருக்காது.

இனி உங்கள் சாணைக்காரர் விஷயம். சைக்கிளில் வரும் சாணைச் சக்கரம் உலர்ந்த எமரிக் கல். அரிவாளுக்கும் அருவாமனைக்கும் அது போதும், அவற்றில் இரும்பு தடிமன், சூட்டை உள்ளே வாங்கிக்கொள்ளும். பேனாக்கத்தியின் வாயில் சூடு போக இடமில்லை. பொறி பறக்கும்போது அந்த மெல்லிய ஓரம் நொடியில் அளவுமீறிச் சூடேறிவிடும். கரி எஃகில் 220 டிகிரி வாக்கில் வைக்கோல் மஞ்சள் நிறம் வரும், 300ஐ நெருங்கினால் நீலம். நீலம் கண்டால் அந்த இடத்தில் பதம் போயிற்று என்று அர்த்தம். எவர்சில்வரில் இந்த நிறம் இன்னும் அதிகச் சூட்டில்தான் தெரியும், ஆகவே நிறம் தெரியவில்லை என்பதால் தப்பியது என்று நினைக்க வேண்டாம். ஆலையிலும் கடைசிக் கூரை உலர்ந்த பெல்ட்டில் வைப்பது உண்டு. அதனால்தான் புதுக் கத்தி முதல் இரண்டு மூன்று தீட்டலுக்குப் பிறகு நன்றாக வேலை செய்வதைப் பார்க்கிறோம். சூடுபட்ட அந்த மயிரிழை இரும்பு தேய்ந்து போனபின் உள்ளே இருக்கும் நல்ல இரும்பு வெளிவருகிறது.

எனவே கம்பெனியைத் தீர்மானிக்கும் முன் இதைச் செய்யுங்கள். ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் இருபக்கக் கார்போரண்டம் கல்லைப் பத்து நிமிடம் தண்ணீரில் ஊறவிடுங்கள். அலகின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு உயரத்துக்கு முதுகைத் தூக்கினால் கோணம் ஏறக்குறைய 20 டிகிரி, 12 மி.மீ. அகல அலகுக்கு 4 மி.மீ. கணக்கு. வாயில் ஸ்கெட்ச் பேனாவால் கறுப்பு பூசிக்கொண்டு நாலு இழுப்பு இழுத்துப் பாருங்கள். கறுப்பு வாய் ஓரத்திலேயே அழிந்தால் கோணம் சரி. மேலே அழிந்து ஓரத்தில் மிஞ்சினால் முதுகைச் சற்றுத் தூக்க வேண்டும். சொரசொரப்புப் பக்கத்தில் ஒரு பக்கமாகவே தேயுங்கள். எதிர்ப்பக்கத்தில் அடி முதல் நுனி வரை விரலுக்குப் பிசிறு தட்டுப்படும் வரை நிறுத்தாதீர்கள், தீட்டத் தெரியாதவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். பிறகு மறுபக்கம் அதே மாதிரி. அடுத்து வழவழப்புப் பக்கத்தில், அழுத்தத்தைக் குறைத்துக்கொண்டே, பக்கத்துக்கு ஒன்றாக மாற்றி மாற்றிப் பத்துப் பத்து. கடைசியில் பழைய தோல் பெல்ட்டின் உட்புறத்தில், முதுகு முன்னே போகும்படி பத்து இழுப்பு. பிசிறு முழுக்க விழாவிட்டால் முதல் பெட்டியில் அருமையாக அறுத்து இரண்டாவது பெட்டியில் மழுங்கும்.

இப்படி மூன்று முறை தீட்டி, வேலை வாங்கிய பின்னும் அதே கதை என்றால் பதத்தைச் சோதிக்கலாம். 6 மி.மீ. பித்தளைக் கம்பி ஒரு சாண் எடுத்து மேசை ஓரத்தில் அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள். கத்தியின் வாயை 15 டிகிரி அளவு சாய்த்துக் கம்பியின்மேல் வைத்து மெதுவாக அழுத்தி, வெளிச்சத்தில் பாருங்கள். கம்பி இருக்கும் இடத்தில் வாய் மெல்ல வளைவது கண்ணுக்குத் தெரியும். எடுத்ததும் நிமிர்ந்துவிட்டால் பதம் சரி. வளைந்தபடியே நின்றால் பதம் குறைவு, இரும்பு மென்மை. பொடிந்து உதிர்ந்தால் பதம் அதிகம். அப்பாவின் கத்தியையும் அதே கம்பியில் வைத்துப் பாருங்கள், பதில் உங்கள் கண்முன்னே கிடைக்கும்.

அலகு ஆடுவது வேறு குற்றம். அதைத் தீட்டலால் சரிசெய்ய முடியாது, புதுக் கத்தியில் அது இருக்கவே கூடாது. பில் இருந்தால் விற்றவரிடம் மாற்றித்தரக் கேளுங்கள். இறக்குமதிப் பொருளுக்கு எந்த நாட்டில் செய்தது என்று ஆன்லைன் பக்கத்திலும் உறையிலும் காட்ட வேண்டியது கட்டாயம், அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வையுங்கள். மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. 2019ம் ஆண்டுச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் புகார் செய்யலாம், 5 லட்சம் ரூபாய் வரையான பொருளுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: சிவப்புப் பிடி சுவிஸ் கத்தி வாங்க ஆசை. அதுவும் இப்போது தரம் இறங்கிவிட்டது என்கிறார்கள். போலியும் நிறைய வருகிறதாமே, கண்டுபிடிப்பது எப்படி?
– கல்லூரி மாணவி, திருநகர்

பதில்: விக்டோரினாக்ஸ் 1884ல் சுவிட்சர்லாந்தின் ஈபாக் என்ற ஊரில் தொடங்கியது, இன்றும் அங்கேயே செய்கிறார்கள். 1891 முதல் அந்நாட்டு ராணுவத்துக்குக் கத்தி கொடுத்தவர்கள். போட்டிக் கம்பெனியான வெங்கரை 2005ல் வாங்கி, பின்னர் அந்தப் பெயரில் வந்த கத்திகளைத் தங்கள் பெயருக்குள் சேர்த்துக்கொண்டார்கள். எஃகு ராக்வெல் அளவில் 55, 56 கடினம். இன்றைய விலையுயர்ந்த கத்திகள் 60ஐத் தாண்டுவதால் பலருக்கு இது குறையாகத் தெரிகிறது. அது இறங்கிய தரம் அல்ல, தெரிந்தே வைத்த பதம். சீக்கிரம் மழுங்கும், ஆனால் ஐந்து நிமிடத்தில் கூர் ஏறும், கீழே விழுந்தாலும் வாய் உதிராது. வீட்டுக்கும் பயணத்துக்கும் இதுவே நல்லது என்போம்.

போலியைப் பிடிக்க ஒரு தராசு போதும். 91 மி.மீ. நீளமுள்ள 'ஸ்பார்ட்டன்' மாடல் சுமார் 60 கிராம். உள்ளே அலகுகளுக்கு நடுவே இருக்கும் தகடுகள் அலுமினியம் என்பதால் இவ்வளவு லேசு. மலிவுப் போலிகளில் இரும்புத் தகடு போட்டுவிடுவார்கள், எடை கூடிக் காட்டும். அடுத்து, பிடியில் இருக்கும் கேடயச் சின்னத்தின்மேல் நகத்தை ஓட்டுங்கள். அசலில் அது பதித்த உலோகம், போலியில் பெரும்பாலும் அச்சடித்த வண்ணம். பெரிய அலகின் அடியில் விக்டோரினாக்ஸ், சுவிஸ் மேட் என்று தெளிவாகப் பொறித்திருக்க வேண்டும். மூடிய கத்தியை விளக்குக்கு எதிரே பிடித்து முதுகுப் பட்டைகளுக்கு நடுவே பாருங்கள், ஒளி கசியக் கூடாது. ஒவ்வொரு அலகும் திறந்து முடியும்போதும் மூடி முடியும்போதும் 'டக்'கென்று தானாக விழ வேண்டும். பாதியில் தொங்கினாலோ ஒன்றை இழுக்கும்போது பக்கத்து அலகும் கூடவே வந்தாலோ வாங்காதீர்கள்.

கேள்வி: மா நாற்றுப் பண்ணையில் ஒட்டுக் கட்டுகிறேன். முன்பு வைத்திருந்த ஒட்டுக்கத்தியில் நூற்றுக்கு எண்பது பிடித்தது. இப்போது அதே கம்பெனியின் புதுக் கத்தி வாங்கிச் சாணை பிடித்து வைத்திருக்கிறேன், நன்றாகவே வெட்டுகிறது, ஆனால் ஒட்டுகள் காய்ந்துபோகின்றன. கத்தி மட்டமா?
– நத்தம் வாசகர்

பதில்: 'சாணை பிடித்து' என்ற இரண்டு சொல்லில்தான் பதில் இருக்கிறது. ஒட்டுக்கத்திக்குச் சரிவு ஒரு பக்கம்தான். மறுபக்கம் கண்ணாடி மாதிரித் தட்டை. அந்தத் தட்டைப் பக்கம்தான் குச்சியின்மேல் படிந்து நேராக ஓடுகிறது. சாணைக்காரர் பழக்கத்தில் இரண்டு பக்கமும் சரிவு வைத்துவிட்டால் கத்தி மரத்துக்குள் இறங்கும்போது வளைந்து வெளியே வரும். வெட்டு பளபளவென்று இருக்கும், ஆனால் நடுவில் குவிந்திருக்கும். ஒட்டுக்குச்சியையும் வேர்ச்செடியையும் சேர்த்துக் கட்டினால் பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் உள்ள பச்சைத் திசு ஓரிடத்தில் தொட்டு இன்னோரிடத்தில் இடைவெளி விடும். அந்த இடைவெளியில் காற்று புகுந்து குச்சி காய்கிறது.

சோதனை சுலபம். இளந்தண்டு ஒட்டுக்குச் சீவுவதுபோல 4 செ.மீ. நீளத்துக்கு ஒரே இழுப்பில் குச்சியைச் சீவுங்கள். வெட்டிய முகத்தை எஃகு அடிக்கோலின் ஓரத்தோடு சேர்த்து வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள். எங்காவது கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் கத்தி கெட்டிருக்கிறது.

மீட்கலாம். தட்டைப் பக்கம் முழுவதும் ஸ்கெட்ச் பேனாவால் பூசி, சமமான கல்லில் அப்படியே படுக்க வைத்துத் தேயுங்கள். முதுகு மயிரளவும் தூக்கக் கூடாது. வாய் ஓரத்தில் உள்ள மை அழியும் வரை தேய்க்க வேண்டும், சாணை ஆழமாகப் போயிருந்தால் ஒரு மணி நேரம்கூட ஆகும். நடுவில் குழிந்த கல்லில் செய்தால் மறுபடி கெடும், கல்லை முதலில் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பிறகு சரிவுப் பக்கத்தை அதன் சரிவிலேயே வைத்து 1000 எண் கல்லில் பிசிறு வரும் வரை. தட்டைப் பக்கத்தைப் படுக்கவைத்து இரண்டே இழுப்பு. கடைசியில் தோலில் இரண்டு பக்கமும். இனிமேல் சாணைக்குக் கொடுக்கவே வேண்டாம்.

வேலையின்போது பத்து வெட்டுக்கு ஒரு தரம் ஈரத்துணியால் மாம்பாலைத் துடையுங்கள். மரம் மாறும்போது ஸ்பிரிட்டால் துடைப்பது நோய் பரவாமல் காக்கும். இந்தக் கத்தியால் கயிறு, பாலிதீன் எதையும் அறுக்காதீர்கள். பண்ணையில் இடதுகைக்காரர் இருந்தால் அவருக்குச் சரிவு எதிர்ப்பக்கம் உள்ள கத்தி தனியாக வேண்டும், ஒரே கத்தியை இருவரும் மாற்றிக்கொள்ள முடியாது.

கேள்வி: மரப்பிடி போட்ட மடக்குக் கத்தி ஐப்பசி மழையில் திறக்கவே வரவில்லை. குறடு போட்டு இழுக்கலாமா?
– வெற்றிலைக் கொடிக்கால்காரர், சோழவந்தான்

பதில்: வேண்டாம், அலகில் தழும்பு விழும், கை வழுக்கினால் விரல் போகும். மரம் ஈரத்தில் ஊதி அலகைக் கவ்வியிருக்கிறது, அவ்வளவுதான். வளையப் பூட்டு உள்ள கத்தியானால் முதலில் பூட்டைத் திருப்பி விடுவியுங்கள். பிடியின் வால்முனையைக் கல்திண்ணையில் இரண்டு தரம் தட்டினால் அலகின் முதுகு கொஞ்சம் எழும்பி வரும், அதைப் பிடித்துத் திறக்கலாம். திறந்தபடியே நிழலில் இரண்டு நாள் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் பிடி வெடிக்கும். நன்றாகக் காய்ந்த பின், பிடியின் பள்ளத்துக்குள் உப்புத்தாளை மடித்து விட்டு லேசாகத் தேய்த்து, ஆளி விதை எண்ணெய் பூசி ஊறவிட்டால் அடுத்த மழைக்குத் தாங்கும். கொடிக்காலில் எப்போதும் ஈரத்தில் நிற்கிறவருக்கு எவர்சில்வர் அலகும் பிளாஸ்டிக் பிடியும்தான் ஏற்றது என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

கேள்வி: மடக்குக் கத்தியின் மூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா?
– இல்லத்தரசி, மேலூர்

பதில்: கூடாது. மார்கழியில் உறையும், நாள்பட்டால் பிசினாகித் தூசியைப் பிடித்துக்கொள்ளும். பழம் நறுக்கிய சர்க்கரையும் அதோடு சேர்ந்தால் அலகு நகராது. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் முக்கியபடியே இருபது தடவை திறந்து மூடி, பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, நன்றாக உதறிக் காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் மூட்டுக்கு ஒரு சொட்டு போதும். வழிவதைத் துடைத்துவிட்டுத்தான் உணவில் வைக்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் கழுவினால் எவர்சில்வரிலும் புள்ளித் துரு வரும், கடைசியாக ஒரு முறை நல்ல தண்ணீர் காட்டுங்கள்.

கேள்வி: மதுரையிலிருந்து விமானத்தில் போகும்போது பேனாக்கத்தி கொண்டுபோகலாமா?
– வாசகர், அவனியாபுரம்

பதில்: கைப்பையில் கூடாது, பறிமுதல் ஆகும். சரக்கில் போடும் பெட்டிக்குள் வையுங்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகும் நாளில் வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவது நல்லது.

கேள்வி: பழைய கத்தியின் அலகு லொடலொடவென்று ஆடுகிறது. ரிவிட் அடித்து இறுக்கலாமா?
– மின்பணியாளர், திருமங்கலம்

பதில்: பித்தளை ஆணியானால் இறுக்கலாம், அவசரம் மட்டும் கூடாது. முதலில் மூட்டைக் கழுவி அழுக்கெடுங்கள், மணல் சிக்கியிருந்தால் இறுக்கிய பின் அதுவே அரம்போல அராவும். அலகைப் பாதி திறந்து, அலகுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே செய்தித்தாள் ஒரு மடிப்பு செருகுங்கள். அந்தத் தாளின் கனம்தான் பின்னால் அலகு ஓட இடம் விடும். ஆணியின் ஒரு தலையைப் பட்டடைக்கல் அல்லது தடித்த இரும்பின்மேல் உட்கார வைத்து, மறுதலையை 100 கிராம் உருண்டைத்தலைச் சுத்தியால் ஓரத்தைச் சுற்றி லேசாகத் தட்டுங்கள். நடுவில் ஓங்கி அடித்தால் ஆணி உள்ளே வீங்கி அலகு இறுகிவிடும், பிளாஸ்டிக் பிடியானால் விரிசலும் விடும். நாலு தட்டு, தாளை உருவு, ஆட்டிப் பார். ஆட்டம் இருந்தால் மறுபடி நாலு தட்டு. இறுகிப்போய்விட்டால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஐம்பது தடவை திறந்து மூடினால் கொஞ்சம் இளகும். அலகின் துளையே நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தால், எத்தனை தட்டினாலும் மேலும் கீழுமாக ஆடும் ஆட்டம் போகாது. ஆணியை எடுத்துவிட்டு, துளையை வட்டமாகப் பெரிதாக்கி, அதற்கேற்ற தடித்த பித்தளைக் கம்பியைப் புது ஆணியாக அடிக்க வேண்டியதுதான்.